தானே சரிசெய்துகொள்ளுமாம்!



எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அண்மையில் ஒரு சொல் என் காதில் விழுந்தது. விழுந்தது முதல் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கிப் போடவே இன்று எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். முன்னாள் மாணவர் ஒருவர், மறைந்த தம் பெரியப்பாவின் வீட்டிலிருந்து ஓர் இசைத்தட்டுப் பொறியையும் அறுபத்து நான்கு இசைத்தட்டுகளையும் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பெரும்பாலானவை திரைப்பாடல்கள், பதினொன்று திரைப்படக் கதை வசனத் தட்டுகள், சில நாதசுரம், சில பக்திப் பாடல். ஆண்டிறுதி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு இவற்றை எல்லாம் கணினியில் படியெடுத்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. மகிழ்ந்தேன். அடுத்த வரியில் மகிழ்ச்சி போயிற்று. படியெடுத்து முடிந்ததும், சாமான் அறையில் இடமில்லை என்பதால், தட்டுகளை அப்புறப்படுத்திவிடுவார்களாம்!

நான் எழுந்து, "படியெடுக்கத் தொடங்குமுன் பொறியைச் சரிசெய்ய எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் கொடுங்கள்" என்று கேட்டேன். பதில் உடனே வந்தது. "சார், இது சாதாரண வகை இல்லை. கை நேர்கோட்டில் ஓடும் வகை. எல்லாம் தானியங்கி. பொத்தானை அழுத்தினால் போதும். தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். நாம் சரிசெய்ய ஒன்றுமே இல்லை." சுற்றிலும் தலைகள் ஆடின. நான் அமர்ந்துவிட்டேன். அன்று வாயை மூடிக்கொண்டு அமர்ந்தது என் தவறு. அந்தத் தவறுக்கான தண்டத்தை இங்கே கட்டுகிறேன்.

முதலில், இப்பொறி எத்தகையது என்பதை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள்.

இசைத்தட்டின் மூலத்தை வெட்டும்போது, வெட்டும் ஊசி தட்டின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஆரத்தின் வழியே நேராக நகர்கிறது. ஒரு திருகுத் தண்டு அதை நகர்த்துகிறது. ஆனால் நம் வீடுகளில் இருந்த பொறிகளில் கை ஒரு மூலையில் முளையடித்தாற்போல் நிற்கும். ஊசி வளைந்த பாதையில் உள்ளே செல்லும். நேராக வெட்டியதை வளைவாகப் படித்தால் கோணம் பிசகும் அல்லவா? அந்தப் பிசகைக் குறைக்கவே கையின் தலையைச் சற்று உள்பக்கம் திருப்பி வைத்தார்கள். நன்றாகப் பொருத்தப்பட்ட ஒன்பது அங்குலக் கையில், தட்டின் இரண்டு இடங்களில் மட்டும் பிசகு சுழியம். மற்ற இடங்களில் ஏறத்தாழ இரண்டு பாகைக்குள் அடங்கும். தலையைத் திருப்பியதால் இன்னொரு தொல்லையும் பிறந்தது. கையை உள்பக்கமாக இழுக்கும் ஒரு விசை எப்போதும் ஊசியின் மேல் இருந்துகொண்டே இருக்கும்.

இவ்விரண்டு தொல்லைகளையும் ஒரே அடியில் ஒழிக்கத்தான், வெட்டும் ஊசியைப் போலவே படிக்கும் ஊசியையும் நேர்கோட்டில் நகர்த்தினார்கள். புதுமை என்றும் சொல்வதற்கில்லை. 1877-இல் எடிசன் செய்த உருளைப் பொறியிலேயே ஊசிக்கும் உருளைக்கும் இடையிலான நகர்வைத் திருகுத் தண்டுதான் நடத்தியது. பின்னர் 1972-இல் டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சென் நிறுவனம், யாக்கப் யென்சன் வடிவமைத்த பியோகிராம் 4000-ஐ வெளியிட்டது. அதில் இரண்டு கைகள் அருகருகே ஓடும். ஒன்று ஒளியைக் கொண்டு தட்டு இருக்கிறதா என்று பார்க்கும், மற்றது இசைக்கும். 1979-இல் ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்.எல்-10 வந்தது. இசைத்தட்டு உறையின் அகல நீளத்துக்குள் முழுப் பொறியும் அடங்கிற்று. கை மூடியின் உள்ளேயே இருந்தது. பொறியைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தும் இசைக்கலாம். 1980-களில் இவ்வகை பரவி, விலை மலிந்து, பிளாஸ்டிக் உடலோடு வரவேற்பறை அடுக்குகளில் வந்து அமர்ந்தது. குறுந்தட்டு வந்ததும் ஓய்ந்தது.

இப்போது முள்ளுக்கு வருவோம். "தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்" என்கிறார்களே, எப்படிச் சரிசெய்துகொள்கிறது என்று எவரேனும் உள்ளே பார்த்ததுண்டா?

கையின் அடியில் ஒரு சிறு விளக்கு. எதிரே ஓர் ஒளியுணரி. இரண்டுக்கும் நடுவே கையோடு சேர்ந்து அசையும் மெல்லிய தகடு. சுருள்தடம் ஊசியை உள்ளே இழுக்கிறது. கை மயிரிழை அளவு சாய்கிறது. தகடு விலகுகிறது, ஒளியின் அளவு மாறுகிறது, மோட்டார் விழித்துக்கொண்டு, கையைச் சுமக்கும் வண்டியைச் சற்று நகர்த்துகிறது, கை மீண்டும் நேராகிறது. பிறகு மறுபடியும் சாய்கிறது. ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம் ஓடும் தட்டில் 733 சுற்றுகள். ஏறக்குறைய 86 மில்லிமீட்டர் அகலத்தில் அத்தனை சுற்றுகளும் அடங்க வேண்டும். சுற்று ஒன்றுக்கு 0.12 மில்லிமீட்டர் கூட இல்லை! பத்து சென்டிமீட்டர் நீளக் கையொன்று ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்வதென்றால் ஊசி 0.17 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது ஒன்றரைச் சுற்றுக்கு ஒருமுறை இந்தப் பொறி பிழை செய்கிறது, பிழையை உணர்கிறது, திருத்திக்கொள்கிறது.

ஆகவே, இது பிழையே செய்யாத பொறி அன்று. பிழையை ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் பொறி. அளவுகோலே பழுதானால்? நேர் எது என்பதையே அது தவறாகக் கற்றிருந்தால்? அப்போதும் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத்தான் செய்யும். தவறான நேருக்குச் சரிசெய்துகொள்ளும். மிகுந்த கடமையுணர்ச்சியோடு! விளக்கு மங்கியிருக்கலாம், உணரியில் தூசி படிந்திருக்கலாம், தகடு வளைந்திருக்கலாம். எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது. தட்டு சுழலும், பாட்டு வரும், பொத்தானை அழுத்தியவர் மனநிறைவோடு நகர்ந்துவிடுவார்.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. பட்டுச் சொல்கிறேன்.

என் தந்தையார் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். ஏழு பிள்ளைகள். அவர் தமக்கென்று வாங்கிக்கொண்ட பொருள்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று, ஒரு திரைப்படத்தின் வசனத் தட்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே பள்ளி சென்றவர்; ஆனால் அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு, லகர ளகர ழகரம் மூன்றையும் எங்களைவிடத் தெளிவாக ஒலிப்பார். நான் தமிழாசிரியன் ஆனதில் அந்தத் தட்டுக்கும் பங்குண்டு. 2003-இல் அவர் காலமானார். தட்டு என்னிடம் வந்தது.

அப்போது என்னிடம் நேர்கோட்டு வகைப் பொறி ஒன்று இருந்தது, பழம்பொருள் சந்தையில் வாங்கியது. எந்த நிறுவனத்துப் பொறி என்பது இங்கு வேண்டாம். குறை அவர்கள் மேல் அன்று. விற்றவர் சொன்ன சொற்களும் அன்றைய கூட்டத்தில் கேட்ட சொற்களும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே: சரிசெய்ய ஒன்றுமில்லை, பொத்தானை அழுத்துங்கள். 2004-ஆம் ஆண்டு, தந்தையாரின் முதலாண்டு நினைவு நாளன்று காலை, தட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். குரல் கேட்டது. உறவினர் வருகிறார்களே என்று வாழையிலை வாங்கக் கடைக்குச் சென்றுவிட்டேன்.

அரைமணி நேரம் கழித்துத் திரும்பியபோது, வாசலிலேயே அந்த ஒலியைக் கேட்டேன். ஒரு சொல்லின் பாதி. மறுபடியும் அதே பாதி. மறுபடியும் அதே பாதி. கையைச் சுமக்கும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டிருந்தது. ஊசி உள்ளே போக முயன்று, முடியாமல் பின்னால் எகிறி, அதே தடத்தில் விழுந்துகொண்டிருந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கும் சற்று மேல். அரைமணியில் ஆயிரம் சுற்று. ஆயிரம் முறை ஒரே இடத்தில் வைரமுனை உழுதிருக்கிறது. அந்த வளையம் இன்றும் அத்தட்டில் வெள்ளிக்கோடாகத் தெரிகிறது. அவ்விடம் வரும்போது இப்போது சொல் கேட்பதில்லை; வெறும் இரைச்சல்.

திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. மோட்டாரையும் திருகுத் தண்டையும் இணைக்கும் ரப்பர் வார், மோதிரத்தைவிடச் சற்றுப் பெரியது, தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும் தண்டில் பூசிய மசகு, அரக்காக இறுகியிருந்தது. உணரி தன் கடமையைச் செய்தது, மோட்டாரும் சுழன்றது. வார் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். காலமெல்லாம் ரப்பர் மரத்தோடு வாழ்ந்தவரின் தட்டு, ஒரு துண்டு ரப்பர் தளர்ந்ததால் கெட்டது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? விற்றவரைப் பல ஆண்டுகள் திட்டித் தீர்த்தேன். ஆனால் திறந்து பாராமல் பொத்தானை அழுத்திய விரல் என்னுடையதுதானே!

நிற்க. "சரிசெய்ய ஒன்றுமில்லை" என்போர் பார்வைக்கு, சரிசெய்ய என்னென்ன உள்ளன என்பதைச் சொல்கிறேன். பள்ளிக்கு வந்திருப்பது, பின்புறத் தண்டில் கை ஓடும் வகை. மூடியைத் திறந்து வைத்தே பார்க்கலாம். அந்த அளவில் நாம் பேறு பெற்றவர்கள்.

முதலில் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டி ஓடும் தண்டைத் துடைக்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பழைய மசகு முழுதும் போகும் வரை. உலோகத் தண்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்கு அதற்குரிய சிலிக்கோன் மசகு. வண்டியைக் கையால் தள்ளவே கூடாது, பல் உடையும். சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றித்தான் நகர்த்த வேண்டும். விளிம்பிலிருந்து நடுவரை ஒரே சீராக நகர்கிறதா, எங்கேனும் இறுகுகிறதா என்பதை விரலே சொல்லும்.

அடுத்து வார். நூலால் சுற்றளவை அளந்து, பழைய வார் தளர்ந்ததாகத் தெரிந்தால் அதைவிடச் சிறிது குறைவான அளவில் புதியது வாங்க வேண்டும். காய்கறிக் கட்டில் வரும் ரப்பர் வளையத்தை மாட்டிவிடலாமே என்று அன்றே ஒருவர் யோசனை சொன்னார். தடிப்பு ஒரே சீராக இராது. சில மாதத்தில் காய்ந்து வெடிக்கும். என் கதை உங்கள் கதையாகும்.

பிறகு மட்டம். கொத்தனாரின் ரசமட்டத்தைச் சுழல்தட்டின் மேலும், தண்டின் நீளவாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்.எல்-10 போன்றவற்றில் ஊசியை அழுத்துவது சுருள்வில். ஆகவே அது சாய்வைப் பொறுக்கும். எதிர்எடை வைத்த கைகள் பொறுக்கா. காற்றுத் திண்டில் மிதந்து ஓடும் வகைகள் இன்னும் மோசம். அங்கே வண்டியை இழுக்க மோட்டாரே கிடையாது, மட்டம் தப்பினால் எல்லாம் தப்பும். பள்ளியின் கணினி அறை மேசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை, உருண்டு விழும் பென்சில்களை நாள்தோறும் பொறுக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

இனி வருவதுதான் முதன்மையானது. கணித ஆசிரியர்கள் சற்று அருகே வாருங்கள்.

நேர்கோட்டுக் கையில் ஊசிமுனை, தட்டின் நடுப்புள்ளி வழியே செல்லும் ஆரத்தின் மேலேயே நகர வேண்டும். அதற்கு இணையான வேறொரு கோட்டில் நகர்ந்தால், பார்வைக்கு நேராகத்தான் ஓடும். ஆனால் கோணம் பிசகிவிடும். எவ்வளவு பிசகும்? ஊசி இரண்டு மில்லிமீட்டர் முன்னே துருத்திக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். தட்டின் வெளித்தடம் நடுவிலிருந்து 146 மில்லிமீட்டரில் உள்ளது. இரண்டை 146-ஆல் வகுத்தால் கிடைப்பது முக்கால் பாகையைச் சற்றுத் தாண்டிய பிசகு. உள்தடம் 60 மில்லிமீட்டரில். இரண்டை 60-ஆல் வகுத்தால் 1.9 பாகை!

கவனியுங்கள். சாதாரணக் கைக்கு நாம் இரங்கிச் சொன்ன அதே இரண்டு பாகை. பெருமைக்குரிய நேர்கோட்டுப் பொறி, இரண்டே மில்லிமீட்டர் தவறினால், தான் எதை ஒழிக்கப் பிறந்ததோ அதையே செய்கிறது. அதுவும் மிகக் கெட்ட இடத்தில். வெளித்தடத்தில் ஊசியின் கீழ் நொடிக்கு 51 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது; உள்தடத்தில் 21 சென்டிமீட்டர் மட்டுமே. அதே சொல்லைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். நெருக்கி எழுதியதைக் கோணலாகப் படித்தால் சகரம் சீறும், வல்லினம் உடையும். பாடலில் வயலினும் தபேலாவும் சேர்ந்து ஓரளவு மறைத்துவிடும். வசனத் தட்டில் மறைவதற்கு இடமில்லை. அது மட்டுமா? உணர்ச்சி உச்சத்தை எட்டும் வசனம் பெரும்பாலும் பக்கத்தின் முடிவில்தான் இருக்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. தடித்த மணிலா அட்டையில் வட்டம் வெட்டி, நடுவே துளையிட்டு, துளையின் மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு நேர்கோடு வரையுங்கள். அட்டையைச் சுழல்தட்டில் வைத்து, கோட்டைத் தண்டுக்கு இணையாகத் திருப்பி, ஊசியை அட்டையில் உரசாமல் மேலே நிறுத்தி, வண்டியை மெல்ல உள்ளே நகர்த்துங்கள். முனை கோட்டின் மேலேயே செல்கிறதா? விலகினால், ஊசித்தலையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி முன்னே பின்னே நகர்த்தலாம். சில பொறிகளில் ஊசித்தலை செருகும் வகை, ஒரே திருகாணி, எடை, நீளம், 1.25 கிராம் அழுத்தம் எல்லாம் முன்பே வரையறுக்கப்பட்டவை. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த அந்த ஏற்பாடு சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "சரிசெய்ய ஒன்றுமில்லை" என்ற பேச்சு பிறந்ததே அங்குதான் போலும். புதிதாக வாங்கிய அன்று அது ஏறக்குறைய உண்மை. நாற்பது ஆண்டு கழித்தும் உண்மையாக இருக்க அது என்ன வேதவாக்கா?

நம்முடையது திருகாணி வகை. அழுத்தத்தையும் நாமே அளக்க வேண்டும். நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்தராசு போதும். ஆனால் அதன் தட்டு, இசைத்தட்டு இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். ஊசித்தலைக்குரிய அளவு எவ்வளவோ அவ்வளவு. குறைத்து வைப்பது தட்டுக்கு நல்லது என்று நினைப்போர் பலர். தவறு. அழுத்தம் போதாத ஊசி தடத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் மங்கில் பால் விழாது. காயத்தைக் கண்டால் கிராணியார் விடமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் என் தந்தையாரின் கை வாழ்நாள் முழுதும் ஓடியது. அவருக்கு எந்த உணரியும் இல்லை.

கடைசியாக, கை இறங்கும் இடமும் ஏறும் இடமும். விளிம்புக்கு வெளியே இறங்கினால் ஊசி முறியும். இதை எல்லாரும் கவனிப்பர். சீக்கிரம் ஏறிவிட்டால்? பக்கம் முடியுமுன் கை எழுந்து வீட்டுக்குப் போய்விடும். கடைசி வரி காணாமற்போகும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு, அங்கே இன்னொரு வரி இருந்தது என்பது எப்படித் தெரியும்?

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிலர், "எல்லாம் யூடியூபில் இருக்கிறதே ஐயா, எதற்கு இந்தப் பாடு?" என்பார்கள். சிலவே இருக்கின்றன, எல்லாம் இல்லை. இருப்பவை எங்கிருந்து வந்தன? எவரோ ஒருவர், ஏதோ ஓர் ஊசியை, ஏதோ ஒரு தட்டில் வைத்து எடுத்தவைதாமே? அந்த ஊசி கோணலாக இருந்திருந்தால் அந்தக் கோணல்தான் இப்போது ஊரெங்கும் ஒலிக்கிறது. எழுத்துப் பிழையுள்ள மூலத்தைப் படியெடுத்தால் பிழையும் படியெடுக்கப்படும் என்று நாம் மாணவர்க்குச் சொல்வதில்லையா? கணினிக் கோப்பு தேயாது என்பது உண்மை. பிழையும் தேயாது.

"அப்படியென்றால் கடையில் விற்கும் புதிய பெட்டிப் பொறி ஒன்றை வாங்கிவிடுவோம்" என்பது இன்னொரு யோசனை. கைப்பெட்டி போல் மடித்துத் தூக்கும் மலிவுப் பொறிகளைச் சொல்கிறார்கள். அவற்றுள் பல ஐந்து கிராம் அளவுக்கு ஊசியை அழுத்துபவை. கோணலோடு சுமையும் சேரும். வேண்டாம்.

"பிள்ளைகளுக்கு இது தேவையா?" என்று கேட்பவரிடம்தான் எனக்கு உண்மையாகவே சினம் வருகிறது. ஆரம், கோணம், இணைகோடு ஆகியவற்றை வெண்பலகையில் வரைந்து மனப்பாடம் செய்விக்கிறோம். இதோ, ஆரத்தின் மேல் நகராத ஊசி எப்படிச் சீறும் என்பதைக் காதாலேயே கேட்க ஒரு வாய்ப்பு. மணிலா அட்டை, அளவுகோல், கோணமானி தவிர எதுவும் வேண்டாம். அதை விட்டுவிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அறுபத்து நான்கு முறை பொத்தானை அழுத்தச் சொல்லி, அதற்குத் 'திட்டப்பணி' என்று பெயர் வைத்து நற்சான்றிதழும் கொடுக்கப் போகிறோம்.

நேர்கோட்டுப் பொறியே உயர்ந்தது, மற்றவை தாழ்ந்தவை என்று வாதிடுவோர் கூட்டத்திலும் நான் இல்லை. சரியாக வைத்த சாதாரணக் கை, கவனிக்காமல் விட்ட நேர்கோட்டுக் கையைவிட நன்றாகவே பாடும். பள்ளியில் வேறு பொறி இருந்திருந்தால் அதைக் கொண்டே செய்திருப்பேன். இருப்பது இதுதான், இதில்தான் அந்தத் தட்டுகள் ஓடப்போகின்றன.

ஒரு செய்தி மட்டும் கூட்டத்தில் எவரும் கவனிக்கவில்லை. பெட்டியின் அடியில் பத்து அங்குலத் தட்டுகள் நான்கு உள்ளன. கனத்தவை, கீழே போட்டால் கண்ணாடிபோல் உடைபவை. அவை நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள். அவற்றின் தடம் அகலமானது, ஊசியும் வேறு. நம் பொறியில் 33-உம் 45-உம் தவிர வேறு வேகமே இல்லை. தானியங்கிதானே என்று அதையும் வைத்து ஒருவர் பொத்தானை அழுத்துவதற்குள், அந்த நான்கையும் தனியே எடுத்து, பழைய தலையணை உறையில் சுற்றி, என் அலமாரியில் வைத்துவிட்டேன். கேட்காமல் எடுத்தது குற்றமென்றால் அடுத்த கூட்டத்தில் விசாரியுங்கள்.

தலைமையாசிரியர் அவர்களிடம் நேற்று மீண்டும் பேசினேன். இரண்டு சனிக்கிழமை தர இயலாது. ஒன்று தருகிறேன் என்றார். தட்டுகளை அப்புறப்படுத்துவது பற்றிப் படியெடுத்த பிறகு பேசலாம் என்றார். பேசலாம் என்ற அந்தச் சொல்லை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கணினி அறையைத் திறக்கிறேன். வார் வாங்கிவிட்டேன். ரசமட்டம் வைத்திருக்கும் பெற்றோர் யாரேனும் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். என்னுடையதில் குமிழி நின்றுவிட்டது. நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் வேண்டும், ஊசிமுனையைப் பார்க்க. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மணிலா அட்டை நான் வெட்டி வைக்கிறேன். கோட்டை அவர்கள் வரையட்டும்.